டெஸ்க்டாப் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு பழுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்வி பதில்கள், தனியாக வாங்கிப் பொருத்திய கிராஃபிக்ஸ் கார்டு உள்ள டெஸ்க்டாப் கணினிகளுக்கானவை. ‘கார்டு போய்விட்டது’ என்று முடிவு கட்டும் பலருக்கு உண்மையில் போயிருப்பது வேறொன்றாக இருப்பதால், கார்டின் மீது பழி போடுவதற்கு முன் மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கும் வரிசையிலேயே பெரும்பாலான பதில்கள் அமைந்துள்ளன.

கணினியை ஆன் செய்தால் ஃபேன்கள் சுற்றுகின்றன, விளக்குகள் எரிகின்றன. ஆனால் டிஸ்ப்ளே வரவில்லை. கார்டு போய்விட்டதா?

போயிருக்கலாம், ஆனால் அதைச் சொல்லும் கட்டம் இன்னும் வரவில்லை. ரேம், எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), மதர்போர்டு, கேபிள், மானிட்டர் ஆகியவற்றில் எது கெட்டாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதே கறுப்புத் திரைதான் தெரியும். மானிட்டர் கேபிள் கார்டின் போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறதா, அல்லது அவசரத்தில் மதர்போர்டின் எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகப்பட்டுவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். கணினியை இடம் மாற்றிய அன்றோ சுத்தம் செய்த அன்றோ தொடங்கிய கோளாறு என்றால், பல நேரம் விடை அதுவாகவே இருக்கும். அடுத்து மானிட்டரின் மெனுவில் சரியான உள்ளீடு தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேறொரு கேபிளையும் கார்டின் வேறொரு போர்ட்டையும் முயன்று பாருங்கள். கார்டுக்குத் தனியாகப் பவர் கேபிள் தேவைப்பட்டால், அது கிளிப் விழும் வரை அழுத்தமாகச் செருகப்பட்டிருக்க வேண்டும்.

அதன்பின் ரேமைக் கழற்றி, ஒரே ஒரு ரேமை மட்டும் மாட்டி ஆன் செய்து பாருங்கள். கார்டு மாற்றப் போனவர்கள் ரேமை மாற்றிவிட்டு வந்த கதைகள் நிறைய உண்டு.

கேபிள் ஒன்றினால் இவ்வளவு தொல்லை வருமா?

வரும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இருபதாவது பின் மின்சாரத்துக்கானது. மானிட்டரையும் கணினியையும் இணைக்கும் சாதாரண கேபிளில் அந்தப் பின் இணைக்கப்படக் கூடாது என்பது விதி. தரமற்ற சில கேபிள்களில் அது இணைக்கப்பட்டிருப்பதால், மானிட்டரிலிருந்து மின்சாரம் கார்டுக்குள் பின்னோக்கிப் பாய்ந்து, கணினி ஆன் ஆகாமல் அடம்பிடிப்பதும் அணைத்த பிறகும் ஏதோ ஒரு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருப்பதும் நடக்கும். இன்னொன்று கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும்: கேஸ் லிஃப்ட் உள்ள சுழல் நாற்காலியிலிருந்து எழும்போதோ உட்காரும்போதோ திரை ஒரு நொடி கறுத்து மீண்டும் வந்தால், நாற்காலியில் எழும் நிலைமின் அலையைக் கேபிள் உள்வாங்குகிறது என்று பொருள். மேலுறைக் கவசம் நன்றாக உள்ள, நீளம் குறைந்த கேபிளை வாங்கினால் அது நின்றுவிடும். கார்டில் கை வைக்க வேண்டியதில்லை.

பழைய கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. என்விடியாவின் 900, 1000 வரிசைக் கார்டுகளில் சில, புதிய டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர்களுடன் சேரும்போது விண்டோஸ் ஏறும் வரை திரையில் எதையும் காட்டாமல் இருந்தன. அதற்கென 2018ஆம் ஆண்டில் என்விடியா ஒரு ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) திருத்தத்தை வெளியிட்டது. எச்டிஎம்ஐ வழியே டிஸ்ப்ளே வந்து டிஸ்ப்ளேபோர்ட் வழியே வராவிட்டால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

கார்டைக் கழற்றிவிட்டு ஆன்போர்டு கிராஃபிக்ஸில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். எல்லாக் கணினியிலும் அது முடியுமா?

முடியாது. ஆன்போர்டு கிராஃபிக்ஸ் என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், இன்றைய கணினிகளில் அது பிராசஸருக்குள்தான் இருக்கிறது. இன்டெல் பிராசஸரின் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால் அதில் கிராஃபிக்ஸ் இல்லை. ஏஎம்டி ரைசனில் 5000 வரிசை வரை, பெயரில் ‘ஜி’ எழுத்து உள்ள மாடல்களிலேயே கிராஃபிக்ஸ் இருந்தது. 7000 வரிசை முதல் பெரும்பாலான மாடல்களில் எளிய கிராஃபிக்ஸ் சேர்க்கப்பட்டுள்ளது, அங்கும் ‘எஃப்’ எழுத்து இருந்தால் இல்லை. உங்கள் பிராசஸரில் அது இருந்தால், கார்டை முழுவதுமாகக் கழற்றிவிட்டு மதர்போர்டு போர்ட்டில் கேபிளைச் செருகி ஆன் செய்யுங்கள். டிஸ்ப்ளே வந்தால் ரேம், பிராசஸர், மானிட்டர் ஆகியவை சந்தேகத்திலிருந்து பெருமளவு நீங்கிவிடும். கார்டு, அதன் ஸ்லாட், அதற்கான பவர் ஆகிய மூன்று மட்டும் மிஞ்சும். உங்கள் பிராசஸரில் அது இல்லையென்றால், நண்பரிடம் ஒரு பழைய கார்டை ஒரு மாலைக்கு இரவல் வாங்குவதைவிட நல்ல சோதனை வேறில்லை.

கார்டைக் கழற்றி மீண்டும் மாட்டும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கணினியை அணைத்து, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற ஸ்விட்ச்சையும் அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். கார்டைக் கேபினெட்டோடு பிணைக்கும் திருகுகளை அகற்றிய பின், ஸ்லாட்டின் கடைசியில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழ்ப்பாளை அழுத்தி விடுவித்தால்தான் கார்டு வெளியே வரும். பெரிய கார்டுகளில் இந்தத் தாழ்ப்பாள் ஹீட்சிங்க்குக்கு (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதிக்கு) அடியில் விரல் நுழையாத இடத்தில் ஒளிந்திருக்கும். அதை விடுவிக்காமல் இழுத்து ஸ்லாட்டையே பெயர்த்தவர்கள் உண்டு.

வெளியே எடுத்ததும், கார்டின் அடிவிளிம்பில் வரிசையாக உள்ள தங்க நிறத் தொடுமுனைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருந்தாலோ விரல் ரேகை படிந்திருந்தாலோ, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, இழை பிரியாத துணியால் நீளவாக்கில் துடையுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இந்த முனைகளைச் சீக்கிரமே மங்கச் செய்துவிடும். நம் ஊர்க் கடைகளில் ரப்பர் போட்டுத் தேய்க்கும் வழக்கம் இருக்கிறது. அதனால் பல நேரம் டிஸ்ப்ளே வந்துவிடுவது உண்மைதான் என்றாலும், ரப்பர் மென்மையான தங்கப்பூச்சைச் சிறிது சிறிதாக அரித்துவிடும் என்பதோடு அதன் துகள்கள் ஸ்லாட்டுக்குள் தங்கவும் கூடும். அவசரத்துக்கு ஒருமுறை செய்யலாம், மாதம்தோறும் செய்யும் பராமரிப்பாக அது ஆகக் கூடாது.

எடை மிகுந்த கார்டுகள் ஸ்லாட்டில் ஒரு பக்கமாகத் தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நாளடைவில் இந்தத் தொய்வு தொடுமுனைகளைத் தளர்த்தும். மோசமான நிலையில், தாழ்ப்பாளுக்கு அருகே சர்க்யூட் போர்டிலேயே மயிரிழை விரிசல் விழும். கணினியைப் படுக்கை வாட்டில் வைத்தால் டிஸ்ப்ளே வருகிறது, நிமிர்த்தினால் போய்விடுகிறது என்றால் சந்தேகம் முதலில் இங்கேதான் செல்ல வேண்டும். அடியில் ஒரு தாங்குகோல் வைத்தால் தொய்வு நிற்கும்; விழுந்துவிட்ட விரிசலுக்கு அது மருந்தல்ல.

கார்டைச் செங்குத்தாக நிறுத்த ரைசர் கேபிள் பயன்படுத்துபவர்கள் முதலில் அதை நீக்கிவிட்டு, கார்டை நேரடியாக ஸ்லாட்டில் மாட்டிப் பார்க்க வேண்டும். கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் தரமான பிசிஐ எக்ஸ்பிரஸின் மூன்றாம் தலைமுறைக்கான ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டைப் பொருத்தினால் திரை கறுப்பாகவே நிற்பதுண்டு. பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில்) ஸ்லாட்டின் வேகத்தை மூன்றாம் தலைமுறைக்குக் குறைத்ததும் அது சரியாகிவிடும்.

மதர்போர்டு பீப் ஒலி எழுப்புகிறது, அல்லது ஒரு சிறிய விளக்கு எரிந்தபடி நிற்கிறது. அதற்கு என்ன பொருள்?

அவார்டு நிறுவனத்தின் பயாஸில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குறும் பீப்புகளும், ஏஎம்ஐ பயாஸில் எட்டுக் குறும் பீப்புகளும் கிராஃபிக்ஸ் தொடர்பான பிழையைக் குறித்தன. இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் பிராசஸர், ரேம், விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் என நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன. விஜிஏ விளக்கு அணையாமல் நின்றால், மதர்போர்டு கார்டைத் தேடி அங்கேயே நின்றுவிட்டது என்று பொருள். கார்டு கெட்டிருப்பதாலும் அது நிகழும், பவர் கேபிள் செருகாததாலும் நிகழும். மிகப் பழைய கார்டைப் புதிய மதர்போர்டில் போடும்போது இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்ளும்: யுஇஎஃப்ஐ (இன்றைய பயாஸ் முறை) ஆதரவு இல்லாத கார்டு, சிஎஸ்எம் (பழைய முறையோடு ஒத்துப்போகும்) வசதி அணைக்கப்பட்ட பயாஸில் படம் காட்டாது. அந்தக் கார்டு பழைய கணினி ஒன்றில் நன்றாகவே ஓடும்.

திரையில் வண்ணப் புள்ளிகளும் கோடுகளும் கட்டங்களும் தோன்றுகின்றன. இது கார்டின் குறையா, மானிட்டரின் குறையா, டிரைவரின் குறையா?

இந்த ஒரு அறிகுறியை மட்டும் பொறுமையாகக் கவனித்தால் பாதிப் பழுது அப்போதே புரிந்துவிடும். முதலில் அது எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். ஆன் செய்தவுடன் மதர்போர்டு நிறுவனத்தின் சின்னம் தோன்றும் திரையிலேயே, அல்லது பயாஸ் பக்கத்தின் எழுத்துகளுக்கு நடுவிலேயே சதுரங்கப் பலகை போலச் சீரான இடைவெளியில் வண்ணக் கட்டங்கள் விழுந்தால், விண்டோஸும் டிரைவரும் இன்னும் களத்துக்கே வரவில்லை என்பதால் அவற்றின் மீது பழி சொல்ல இடமில்லை. கேபிளும் மானிட்டரும் மாற்றிப் பார்க்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் கார்டின் வீடியோ மெமரி சிப் ஒன்றோ அதன் சால்டர் இணைப்போதான் கெட்டிருக்கும். பயாஸ் திரை சுத்தமாக இருந்து விண்டோஸ் ஏறிய பிறகு மட்டும் கோடுகள் விழுந்தால், டிரைவருக்கும் பங்கு இருக்கலாம். விளையாட்டிலோ வீடியோ எடிட்டிங்கிலோ சுமை ஏறிய சில நிமிடங்களுக்குப் பிறகு மட்டும் தோன்றினால் வெப்பத்தையும் ஓவர்கிளாக்கையும் (இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவதையும்) பாருங்கள்.

அடுத்து, கோடுகள் தெரியும் நேரத்திலேயே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தைக் கைபேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். அதிலும் கோடுகள் இருந்தால் அவை கார்டுக்குள்ளேயே, படம் உருவாகும் கட்டத்திலேயே பிறந்தவை. கைபேசியில் படம் சுத்தமாகத் தெரிந்தால், கார்டின் வெளியீட்டுப் பகுதி, கேபிள், மானிட்டர் ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலே கார்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர்களே அதிகம்.

மூன்றாவதாக, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் ஏற்கெனவே செய்துவைத்த ஓவர்கிளாக் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மெமரியின் வேகத்தை மட்டும் சில நூறு மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள். கோடுகள் மறைந்தால் வீடியோ மெமரி தன் இயல்பான வேகத்தில் ஓட முடியாத நிலைக்கு வந்துவிட்டது. வாரன்டி முடிந்த கார்டை அந்தக் குறைந்த வேகத்திலேயே இன்னும் சில காலம் ஓட்டலாம். வாரன்டி உள்ள கார்டுக்கு இப்படி ஒட்டுப் போடுவது வீண், நேராகச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள்.

‘டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்கவில்லை, மீண்டுவிட்டது’ என்ற செய்தி அடிக்கடி வருகிறது. டிரைவரை மாற்றினால் போதுமா?

விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் இந்த ஏற்பாட்டை வைத்திருக்கிறது. கார்டிடம் கொடுத்த வேலைக்கு இரண்டு விநாடிக்குள் பதில் வராவிட்டால், கணினி முழுவதும் உறைந்துபோகாமல் இருக்க விண்டோஸ் டிரைவரை மட்டும் மீண்டும் தொடங்கி வைக்கிறது. ஈவன்ட் வியூவரில் அது 4101 என்ற எண்ணில் பதிவாகும். மீட்க முடியாமல் போனால் நீலத் திரை வரும். ஆக, செய்தியில் டிரைவர் என்ற சொல் இருந்தாலும் அது சொல்வது ‘கார்டு பதில் தரவில்லை’ என்பதை மட்டுமே, ஏன் தரவில்லை என்பதை அல்ல. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புப் பதிவேட்டில் அந்த இரண்டு விநாடியைப் பத்தாக உயர்த்தும் குறுக்குவழி ஒன்று பலரால் பரிந்துரைக்கப்படுகிறது. நீண்ட கணக்கீடுகளைக் கார்டில் ஓட்டுபவர்களுக்கு அது நியாயமான மாற்றம். பழுதான கார்டுக்கு அது காய்ச்சல்மானியை ஒளித்து வைக்கும் வேலை.

டிரைவரைச் சரியாக நீக்கி மீண்டும் நிறுவுவதற்கு டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருள் உதவும். இணையத்தைத் துண்டித்து, விண்டோஸைச் சேஃப் மோடில் ஏற்றி அதை ஓட்டினால் பழைய டிரைவரின் எச்சங்கள் நீங்கும். இணையத்தைத் துண்டிக்காவிட்டால் விண்டோஸ் அப்டேட் தன் கையிலிருக்கும் ஒரு டிரைவரை இடையில் நுழைத்துவிடும். பிறகு நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி வைத்ததை நிறுவுங்கள். ‘புதியது’ எப்போதும் ‘நல்லது’ அல்ல. 2010ஆம் ஆண்டு மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 டிரைவர், ஃபேன் கட்டுப்பாட்டில் இருந்த பிழையால் கார்டுகளைச் சூடேற்றியதாகப் புகார் எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. கோளாறு ஒரு டிரைவர் அப்டேட்டுக்கு மறுநாள் தொடங்கியிருந்தால் முந்தைய பதிப்புக்குத் திரும்புவதே முதல் வேலை.

டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயருக்கு அருகே மஞ்சள் முக்கோணமும் ‘கோட் 43’ என்ற குறிப்பும் இருந்தால், கார்டே தன்னிடம் கோளாறு இருப்பதாகத் தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. சுத்தமாக டிரைவர் மாற்றிய பிறகும், வேறொரு கணினியிலும் அதே குறிப்பு வந்தால் கார்டின் வன்பொருளே காரணம் என்று கொள்ளலாம். லினக்ஸில் என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் கர்னல் பதிவில் எக்ஸ்ஐடி என்று தொடங்கும் வரிகளைத் தேட வேண்டும். அதில் 79 என்ற எண், கார்டு மதர்போர்டின் தொடர்பிலிருந்தே அறுந்துவிட்டதைக் குறிக்கும். அது பெரும்பாலும் பவர், வெப்பம், ஸ்லாட் ஆகியவற்றில் ஒன்றை நோக்கிக் கைகாட்டுகிறது.

விளையாடிக்கொண்டிருக்கும்போது கணினி திடீரென அணைந்துவிடுகிறது. இதற்கும் கார்டுதான் காரணமா?

எப்படி அணைகிறது என்பதைப் பொறுத்தது. திரை மட்டும் கறுத்து, பின்னணியில் ஒலி தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால், கணினி உயிருடன் இருக்கிறது, கார்டு மட்டும் விழுந்துவிட்டது. திரை கறுத்ததோடு கார்டின் ஃபேன்கள் முழு வேகத்தில் இரையத் தொடங்கினால், கார்டுக்கு வரும் மின்சாரம் தடுமாறியது அல்லது வெப்பம் எல்லை மீறியது. மொத்தக் கணினியும் ஒரு சொடுக்கில் அணைந்து, எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டால்தான் மீண்டும் ஆன் ஆகிறது என்றால், எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு அமைப்பு வேலை செய்திருக்கிறது.

மின்கணக்கு எளிது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் தரும். 6 பின் பிளக் 75 வாட், 8 பின் பிளக் 150 வாட். ஆனால் இந்தக் கணக்கு சராசரி மின்தேவைக்கானது. 320 வாட் என்று குறிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 3080 போன்ற கார்டுகள் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இழுத்துவிடும். அந்தத் துள்ளலைக் குறுக்குச் சுற்று என்று தவறாகக் கணித்து எஸ்எம்பிஎஸ் அணைந்துவிடும். இதனால்தான் 2022ஆம் ஆண்டின் ஏடிஎக்ஸ் 3.0 தரவரையறை, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல் இருமடங்குத் துள்ளலை 100 மைக்ரோ விநாடி வரை தாங்க வேண்டும் என்று வகுத்தது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் புதிய கார்டைப் போட்டு, விளையாட்டின் நடுவே கணினி அணைந்தால், கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்குக் குறைத்து விளையாடிப் பாருங்கள். அணைவது நின்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்புகிறது.

கார்டில் இரண்டு 8 பின் பிளக்குகள் இருந்தால், ஒரே கேபிளின் இரட்டை நுனிகளை இரண்டிலும் செருகாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள்களைக் கொண்டு வாருங்கள். மாடுலர் (கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களை வேறு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒருபோதும் செருகாதீர்கள். பிளக் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருந்தால் பாகங்கள் எரிந்துவிடும்.

வீட்டு யுபிஎஸ்ஸையும் மறக்க வேண்டாம். கடைகளில் பரவலாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். நல்ல கார்டுள்ள கணினி விளையாட்டு நேரத்தில் அதைத் தாண்டும்போது, மின்சாரம் போன அந்தக் கணத்தில் யுபிஎஸ் கைவிட்டுவிடும். யுபிஎஸ்ஸை விலக்கி, நல்ல எர்த் உள்ள சுவர் பிளக் பாயிண்டில் நேரடியாகச் செருகி ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

பவர் பிளக் உருகியதைப் படங்களில் பார்த்தேன். என் கார்டுக்கும் அப்படி ஆகுமா?

அந்தப் படங்கள் பெரும்பாலும் 2022 அக்டோபரில் விற்பனைக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் புதிய 16 பின் இணைப்பைப் பற்றியவை. 600 வாட் வரை கடத்தும் அந்தச் சிறிய பிளக் முழுமையாக உள்ளே செல்லாமல் இருந்ததே முக்கியக் காரணம் என்று என்விடியா அதே ஆண்டு நவம்பரில் தெரிவித்தது. பின்னர் இணைப்பின் வடிவமும் திருத்தப்பட்டது. உங்கள் கார்டில் அந்த இணைப்பு இருந்தால், செருகிய பின் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் இடையே மயிரளவு இடைவெளியும் தெரியக் கூடாது. பிளக்கை ஒட்டிய இடத்திலேயே கேபிளை வளைக்கவும் கூடாது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ, பின்னின் ஓரம் பழுப்பாகித் துளை வட்டம் இழந்து நெளிந்திருந்தாலோ, அந்தக் கேபிளையும் கார்டையும் மீண்டும் ஓட்டாதீர்கள்.

எத்தனை டிகிரி வரை சூடானால் பயப்பட வேண்டாம்?

முழுச் சுமையில் சிப்பின் வெப்பம் 65 முதல் 83 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு. ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு என்விடியா குறிப்பிடும் உச்ச எல்லை 93 டிகிரி, 4090க்கு 90 டிகிரி. ஏஎம்டி கார்டுகளில் ஹாட்ஸ்பாட் என்ற தனி அளவீடு காட்டப்படும். சிப்பின் மிகச் சூடான புள்ளியை அது குறிப்பதால் 110 டிகிரி வரை அனுமதி உண்டு. கவனிக்க வேண்டியது சராசரிக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் இடையிலான இடைவெளி. முன்பு 12 அல்லது 15 டிகிரியாக இருந்தது இப்போது 30க்கு மேல் போயிருந்தால், தெர்மல் பேஸ்ட் (சிப்பின் வெப்பத்தை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பசை) காய்ந்துவிட்டது அல்லது ஹீட்சிங்க் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை.

நிறுவனத்தின் பிழையாகவும் இருக்கலாம் என்பதற்கு ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் சான்று. 2022 டிசம்பரில் வந்த ஏஎம்டியின் சொந்த வடிவமைப்புக் கார்டுகளில் சில, 110 டிகிரியைத் தொட்டு வேகம் குறைந்தன. ஹீட்சிங்க்கில் வேப்பர் சேம்பர் எனப்படும், வெப்பம் கடத்தும் அறைக்குள் போதிய நீர் இல்லாததே காரணம் என்று 2023 ஜனவரியில் ஏஎம்டி ஒப்புக்கொண்டது. அந்தக் கார்டுக்கு எவ்வளவு நல்ல பேஸ்ட் தடவினாலும் பயனில்லை.

அறையின் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் கார்டின் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். மார்கழியில் ஒழுங்காக ஓடிய கார்டு சித்திரையில் தடுமாறுவது இதனால்தான். ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துணி போலப் படிந்திருந்தால், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும். சும்மா இருக்கும் நேரத்தில் ஃபேன் சுற்றாததைப் பழுதாக எண்ண வேண்டாம். பல கார்டுகள் 50, 60 டிகிரி வரை ஃபேனை நிறுத்தியே வைக்கும். பேஸ்ட்டை நீங்களே மாற்றுவதென்றால் தெர்மல் பேட்களின் தடிமனை அளந்து அதே அளவில் வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் சிப்பைத் தொடாமல் தூக்கி நிற்கும்.

‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று சொல்லி விளையாட்டு மூடிக்கொள்கிறது. என் கார்டில் 16 ஜிபி மெமரி இருக்கிறதே?

உங்கள் பிராசஸர் எது என்று முதலில் பாருங்கள். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 டெஸ்க்டாப் பிராசஸர்களில் பல, தேவைக்கு மேல் மின்னழுத்தம் பெற்று நாளடைவில் நிலைத்தன்மையை இழந்தன. அன்ரியல் எஞ்சினில் உருவான விளையாட்டுகள் தொடக்கத்தில் ஷேடர்களைத் (காட்சியை வரையும் சிறு நிரல்களைத்) தொகுக்கும்போது பிராசஸர் செய்யும் தவறு, திரையில் வீடியோ மெமரிப் பிழையாக வெளிப்பட்டது. பலர் நல்ல கார்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். 2024 ஆகஸ்டு முதல் இன்டெல் மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் நிரல்) திருத்தங்களை பயாஸ் அப்டேட் வழியே வழங்கியதோடு, அந்தப் பிராசஸர்களின் வாரன்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன பிராசஸரைத் திருத்தம் குணப்படுத்தாது. பயாஸில் பிராசஸரின் வேகத்தைச் சற்றுக் குறைத்ததும் பிழை மறைந்தால், கார்டை விட்டுவிட்டுப் பிராசஸரின் வாரன்டியைப் பாருங்கள்.

எந்தச் சோதனை மென்பொருளை, எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும்?

ஃபர்மார்க் என்ற மென்பொருள் கார்டை அசாதாரணமாகச் சூடேற்றக்கூடியது. வெப்பத்தையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சோதிக்கப் பத்து நிமிடம் போதும், இரவு முழுவதும் ஓடவிடுவது தேவையற்ற வதை. ஓசிசிடியில் உள்ள வீடியோ மெமரிச் சோதனை பிழைகளை எண்ணிக் காட்டும். சரியான வேகத்தில் ஓடும் நல்ல கார்டில் அந்த எண்ணிக்கை பூஜ்யமாகவே இருக்க வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோவைப் பின்னணியில் ஓடவிட்டு அளவீடுகளைக் கோப்பில் பதியுங்கள். கணினி அணைந்த பிறகும், கடைசி வரியில் வெப்பமும் மின்னழுத்தமும் எங்கே நின்றன என்பது அந்தக் கோப்பில் இருக்கும்.

புத்தம் புதிய கார்டிலும் குறை இருக்குமா?

இருக்கும். 2025 பிப்ரவரியில் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுகளில் சில, படப் புள்ளிகளைத் தீட்டி முடிக்கும் 176 ஆர்ஓபி அலகுகளுக்குப் பதிலாக 168 அலகுகளுடன் விற்பனைக்கு வந்ததை என்விடியா ஒப்புக்கொண்டு மாற்றித்தர ஏற்பாடு செய்தது. திரையில் எந்த அறிகுறியும் இல்லாமல், வேகம் மட்டும் சில சதவீதம் குறைந்திருந்ததால், ஜிபியு-இசட்டில் எண்ணைப் பார்த்தவர்களுக்கே அது தெரிந்தது. கார்டு வாங்கியதும் அந்தச் சிறு மென்பொருளைத் திறந்து, விவரங்களை நிறுவனம் அறிவித்தவற்றோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா?

பார்த்து வாங்கலாம். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் (கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் முறையைக்) கைவிட்டதும் ஏராளமான கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே ஒரு கார்டு குப்பையாகிவிடாது. ஃபேன் பேரிங்கும் தெர்மல் பேடும் தேய்ந்திருக்கும், அவற்றை மாற்றலாம். கார்டுக்குள் இருக்கும் பயாஸ் மாற்றி எழுதப்பட்டிருந்தால்தான் சிக்கல். அதனால் ஏஎம்டி டிரைவர் ஏற மறுக்கும். அதைவிட மோசம், பழைய மலிவுக் கார்டின் பயாஸில் புதிய கார்டின் பெயரை எழுதி விற்கும் போலிகள்; என்விடியா போலிகள் பலவற்றை ஜிபியு-இசட் கண்டுபிடித்து எச்சரிக்கும். ரிச்சி தெருவிலோ வேறெங்கோ வாங்கினாலும், கடையிலேயே பொருத்தி அரை மணி நேரம் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இறந்த கார்டை ஓவனில் வைத்தால் உயிர் வரும் என்கிறார்களே?

சில நேரம் சில நாட்களுக்கு வரும். சிப்புக்கு அடியிலுள்ள நுண்ணிய சால்டர் முட்டுகள் வெப்பத்தால் விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்வதே காரணம். இந்த வகைப் பலவீனம் கற்பனையல்ல: 2008 ஜூலையில், லேப்டாப் சிப்களின் பொதியில் இருந்த பலவீனமான பொருளால் ஏற்படும் வாரன்டிச் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக என்விடியா அறிவித்தது. ஆனால் ஓவன் எதையும் திருத்துவதில்லை. கெப்பாசிட்டர்கள் வீங்கும், பிளாஸ்டிக் உருகும், சமையல் அடுப்பில் ரசாயனப் புகை படியும். அதன் பின் முறையாகப் பழுதுபார்க்க வந்தவரின் வேலையும் கெடும்.

கடைசியில் கார்டுதான் பழுது என்று உறுதியாகிவிட்டது. அடுத்து என்ன?

வாரன்டி இருந்தால் எதையும் திறக்காதீர்கள். பில்லையும் கார்டின் பின்புறச் சீரியல் எண்ணையும் படமெடுத்து, கோளாறு தெரியும் வீடியோ ஒன்றையும், எந்தெந்தக் கணினியில் சோதித்தீர்கள் என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். ‘டிஸ்ப்ளே வரவில்லை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்த கார்டு, சர்வீஸ் சென்டரில் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடி, ‘பழுது இல்லை’ என்ற சீட்டோடு திரும்பி வர வாய்ப்புண்டு.

வாரன்டி முடிந்திருந்தால் சிப் லெவல் சர்வீஸ் செய்பவர்களிடம் காட்டலாம். கார்டை மாட்டினால் கணினியே ஆன் ஆகவில்லை, கழற்றினால் ஆன் ஆகிறது என்றால் மின்பகுதியில் ஒரு மாஸ்ஃபெட் (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பாகம்) ஷார்ட் ஆகியிருக்கக்கூடும். சிப் தப்பியிருந்தால் அது நியாயமான செலவில் சரியாகும் பழுது. மெமரி சிப் ஒன்றை மாற்றுவதும் செய்யத் தகுந்ததே. மைய கிராஃபிக்ஸ் சிப்பே போயிருந்தால், அதை மாற்றும் செலவு அதே மாடலைப் பழையதாக வாங்கும் விலையை எட்டிவிடும். ‘ரீபால் செய்து தருகிறேன்’, அதாவது சிப்பைக் கழற்றிப் புதிய சால்டர் உருண்டைகளோடு மீண்டும் ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் எத்தனை மாதம் உத்தரவாதம் என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.